ஒரு தீக்குச்சி இல்லாத வகுப்பு

விருதுநகர் பேச்சுப் போட்டிக்கு எங்கள் மாலை வகுப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம். நானா, பிரீத்திகாவா என்று இன்று முடிவாக வேண்டும். 'உலகமே அழிந்தாலும் மனித அறிவு பிழைக்குமா?' என்பது தலைப்பு. 'பிழைக்கும்' என்று நான்கு பக்கம் எழுதி, அடித்துத் திருத்தி வைத்திருந்தேன். தாள் இல்லாமல் எனக்குப் பேச்சு வராது. தாள் இருந்தாலும் சந்தேகம்தான்.

வேலை முடிந்ததும், நாங்கள் வேலை பார்க்கும் எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையின் வேன் எங்களை நேராக வகுப்பு வாசலில் இறக்கிவிட்டது. பிரீத்திகா 'பிழைக்காது' என்று கடகடவெனப் பேசி உட்கார்ந்தாள். நான் எழுந்து, "பெரியோர்களே" என்றேன். கரண்ட் போய்விட்டது.

"மெழுகுவர்த்தி டிராயர்ல இருக்கு. தீப்பெட்டி யார்ட்ட இருக்கு?" என்றார் ஜெயசீலி டீச்சர்.

யாரிடமும் இல்லை. ஆலை வாசலில் தினமும் பை, மடியெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். தீப்பெட்டிக்கும் செல்போனுக்கும் உள்ளே இடமில்லை. இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவோம். டீச்சரின் போன் சார்ஜ் தீர்ந்து கிடந்தது.

"ஊருக்கெல்லாம் வெடி செய்யுறோம், ஒரு குச்சிக்கு வழியில்லையேலே!" ஜெயபாண்டி சிரித்தான்.

"சாலமன்ராஜ், நீ பேசு. வாய்க்கு எதுக்குய்யா வெளிச்சம்?" என்றார் டீச்சர்.

ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. தெரிந்ததையாவது சொல்வோம் என்று, "நான் புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டுவேன்" என்றேன்.

"நான் கூம்பு சுத்துவேன்" என்றான் ஜெயபாண்டி.

"நான் அதுல வெடிமருந்து அடைப்பேன்" என்றாள் பிரீத்திகா.

"மருந்து எப்படிச் செய்யுறது?" என்று கேட்டேன். மருந்து கலக்கும் அய்யப்பன் அண்ணன் பின்வரிசையில் செருமினார்.

"எங்கிட்டக் கேக்காதலே. போர்மேன் சொல்ற எடைக்கு அள்ளிப் போட்டுக் கலக்குவேன், அம்புட்டுத்தான். மூட்டை லாரியில வருது. எங்கன முளைக்குதோ, யாரு கண்டா?"

"போர்மேனுக்குத் தெரியுமாண்ணே?"

"அவருக்கு முதலாளி சொல்லுவாரு."

"முதலாளிக்கு?"

அப்போது கரண்ட் வந்தது.

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். 'அறிவு ஒருபோதும் அழியாது' என்று தொடங்கியிருந்தேன். அதை வாசிக்க வாய் வரவில்லை. பிரீத்திகா சொன்னதுதான் சரி என்றும் தோன்றவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்துதானே இருக்கிறது?

"நீயே போ. இன்னைக்குத்தான் தாளில்லாமப் பேசியிருக்கே" என்று டீச்சர் என் பெயரை எழுதினார். "எந்தப் பக்கம்னு போடட்டும்?"

"எங்க பக்கம் வந்துருங்கண்ணே" என்று பிரீத்திகா வம்பிழுத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன் டீச்சர்" என்றேன்.

வரும் வழியில் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: நாளைக்கும் வேலை முடிந்து நேராக வகுப்புக்குத்தான். இதை அங்கே எப்படிக் கொண்டுபோவது? டீச்சரிடம் என்ன சொல்வது என்றும் இன்னும் தெரியவில்லை.