இருமலுக்குக் கைதட்டு

பொழுது விடியும் முன்பே அவள் கரித்தூள் மூட்டையோடு லிஃப்ட் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவாள். மூடிப் பல வருடமான சுரங்கம். கசியும் நீர் சுவரைக் கழுவி வெளுத்துவிடும். டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கோ கருப்பாக இருந்தால்தான் சுரங்கம். அதனால் தினமும் தூளை அள்ளி வீசி, துடைப்பத்தால் தேய்த்துச் சுவருக்குக் கருமை ஏற்ற வேண்டும். முடிக்கும்போது நாக்கு கரகரக்கும். தோள் கழன்று விழும் போலிருக்கும்.

அதே சுவரில் நிஜமாகக் கரி வெட்டியவன் அவள் புருஷன். சுரங்கம் மூடியதும் வெளியே தள்ளினார்கள். சுற்றுலா இடமானதும் கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது வேலை, வெட்டுவதுபோல் நடிப்பது. நடிப்பு என்றாலும் பிக்காசு நிஜம், பறக்கிற தூள் நிஜம்.

ஒருநாள் காட்சியின் நடுவில் இருமல் அவனைப் பிடித்துக்கொண்டது. சுவரைப் பற்றிக் குனிந்து, மூச்சுக்குத் தவித்து, கருப்பாகத் துப்பினான். கூட்டம் கைதட்டியது. இருட்டு ஓரத்தில் துடைப்பத்தோடு நின்றவளுக்கு ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்தது.

மாலையில் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார். சாப்பிட்டீர்களா என்று விசாரிக்காமல் பேச்சைத் தொடங்காத மனிதர்.

“அந்த இருமல் இருக்கே, அதை எல்லாக் காட்சியிலயும் வச்சுக்கலாம்ணே. மனசைத் தொட்டுடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

அவன் தலையாட்டப் போனான். அவள் முந்திக்கொண்டாள். “சார், அது வேஷம் இல்ல. நெஞ்சு.”

“தெரியும்மா. அதனாலதான் கேக்கறேன். வேற ஆளுக்கு இப்படி வராது.”

தூளுக்குப் பதில் சாயம் பூசலாம், முகமூடி கொடுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று கேட்டாள். அந்தக் காலத்தில் யாரும் முகமூடி போடவில்லையே என்றார் அவர். முடியாதென்றால் வாசலில் வேறு ஆள் நிற்கிறது என்றும் சொன்னார்.

வீட்டில் அவன் படுக்காமல் சுவரில் சாய்ந்திருந்தான். “விடு. இத்தனை நாள் சும்மா இருமினேன். இப்ப அதுக்கும் சம்பளம்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் வீசறதைத்தான நீ குடிக்கிற? இனி வீச மாட்டேன்.”

மறுநாள் அவள் கூண்டில் ஏறவில்லை. அதன் எதிரே படிக்கட்டில் மூட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கூண்டை இயக்குபவருக்கு முசுடு என்று பெயர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். என்ன என்று கேட்டார். சொன்னாள். கேட்டவர், தானும் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குவதாகவும் படுத்தால் மூச்சு அடைப்பதாகவும் சொன்னார். பிறகு எந்திரத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவளருகே அமர்ந்தார். விளக்கு கொடுப்பவர்கள், வழிகாட்டிகள் என ஒவ்வொருவராக வந்தார்கள். விஷயம் கேட்டு அங்கேயே தங்கினார்கள். படிக்குப் படி நின்று மூச்சு வாங்கியபடி அவள் புருஷனும் வந்து சேர்ந்தான்.

மேனேஜர் ஓடிவந்தார். “இவர் ஒருத்தருக்காக எல்லாரும் பொழப்பைக் கெடுத்துக்கப் போறீங்களா?”

“அவர் இருமல் உங்க காதுல விழுந்துடுச்சு சார்,” என்றார் முசுடு. “எங்களோடது இன்னும் விழல.”

மேனேஜர் யாருக்கோ போன் செய்தபடி நகர்ந்தார். வேறு ஆள் வரலாம், போலீசும் வரலாம். தலைக்கவசம் மாட்டிக் காத்திருந்த சுற்றுலாக் கூட்டம் வெயிலில் முணுமுணுத்தது. படிக்கட்டிலிருந்து யாரும் எழவில்லை.

டிக்கெட் கவுண்டரின் ஷட்டர் சடசடவென்று இறங்கியது. உள்ளே இருந்த பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தாள். கால் வைக்க இடமில்லை.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா,” என்றாள்.