ஒரே எண்ணில் இருவர்

புதன். மாலை கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முன்னாள் சுரங்கத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் நான் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. தொழிலாளர்கள் வேலை பார்த்த விவரம் உள்ள பணித்தாள்களை எப்போதோ ஸ்கேன் செய்து முப்பத்தொரு சிடிகளில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சிடியைத் தேட வேண்டாமே என்று, எல்லாவற்றையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றி, அலுவலகத்தின் மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலும் தெரியும்படி ஷேர் செய்தேன். வகுப்பில் கற்றதுதான். ஏற்றி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. செயலாளர் டென்னிஸ் சார் எல்லோர் முன்னும் பாராட்டினார். அப்போதே ஏதோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும் என்பதால் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று மூன்று மணிக்கு மாரிகுப்பத்திலிருந்து வெங்கடம்மா வந்தார். அவருடைய கணவர் பெருமாள் நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்தவர். குடியிருக்கும் சுரங்கக் கம்பெனி வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற அவருடைய பணித்தாள் வேண்டும். விண்ணப்பப் பட்டியல் இன்று ஐந்து மணிக்கு பெங்களூருக்குப் போகிறது. போன வாரமும் வந்து, ‘இல்லை’ என்ற பதிலோடு திரும்பியவர்.

கவுண்டரில் முனிரத்தினம் அண்ணன் மறுபடி எண்ணைத் தட்டினார்.

“இன்னாம்மா, 4417-ன்னா லாய்டுன்னு ஒருத்தர்தான் வர்றாரு.”

“முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ நானு. லாய்டு யாருன்னு உன் பொட்டியவே கேளு.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பித்தளை டோக்கனை மேசையில் வைத்தார். “ஷிப்டுக்கு எறங்கறப்ப குடுக்கறது. நம்பர மட்டும் பாத்தா ஆச்சா? மேல இன்னா எழுத்து கீது பாரு.”

எண்ணுக்கு மேல் சிறிதாக N என்று பொறித்திருந்தது.

“N-ன்னா நந்திதுர்க். ஒவ்வொரு மைனுக்கும் தனித்தனி நம்பர் வரிசை,” என்றார் பின்னாலிருந்து டென்னிஸ் சார். “வினோலியா, உனக்கு யாரும் சொல்லலியா?”

யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கோப்புகளின் பெயர் வெறும் எண்தான். எல்லா சிடிகளையும் ஒரே ஃபோல்டரில் கொட்டியிருந்தேன். அதே பெயரில் கோப்பு இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒரே தாளை இரண்டு முறை ஸ்கேன் செய்திருப்பார்கள் என்று நினைத்து, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ அழுத்தினேன். பெருமாள் இருந்த இடத்தில் வேறு சுரங்கத்து லாய்ட் உட்கார்ந்துவிட்டார்.

நந்திதுர்க் சிடிகள் நான்கு. பெருமாளின் எண் மூன்றாவதில். ஏற்றும்போது படித்த அந்த சிடியை இன்று என் கம்ப்யூட்டர் படிக்கவில்லை, முனிரத்தினம் அண்ணனுடையதும் படிக்கவில்லை. டென்னிஸ் சாரின் பழைய கம்ப்யூட்டர் வெகுநேரம் கரகரத்துவிட்டுத் திறந்தது. பிரிண்டர் கவுண்டரில்தான் இருக்கிறது. சிடியை மறுபடி வெளியே எடுக்கப் பயந்து, அந்த சிடி டிரைவையே கவுண்டர் கம்ப்யூட்டருக்கு ஷேர் செய்தேன். நாலு நாற்பதுக்குக் கவுண்டர் திரையில் பெருமாள் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தார்.

தாளை வாங்கிக்கொண்டு வெங்கடம்மா என்னைப் பார்த்தார்.

“போன வாரமும் இதே பொட்டிதான?”

“ஆமாங்க. தப்பு என்னுது.”

“என்ன மாதிரி இன்னும் எத்தினி பேர இல்லன்னு அனுப்பன?”

ரெஜிஸ்டரைப் பார்த்தேன். அவரைத் தவிர ஒன்பது பேர். வெங்கடம்மாவின் பெயர் சேர்ந்து பட்டியல் போய்விட்டது. அடுத்த பட்டியல் எப்போது என்று டென்னிஸ் சாருக்கும் தெரியாது. ஒன்பது பேருக்கும் நானே போன் செய்ய வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மூன்று பேர் எடுக்கவில்லை. கடைசியாகப் பேசியவர், “கீதுன்றியா, இல்லன்றியா? ஒண்ணு சொல்லும்மா,” என்றார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் தனி ஃபோல்டர் போட்டு, முதல் சிடியைச் செருகினேன்.