மூன்றடுக்குப் பெட்டி

வண்டியில் கேக் இருந்தால், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் கேக்கம்மாவின் கணவரைப் போல நிதானமான ஓட்டுநரைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. வேகத்தடையில் ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்குவார். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் போய்த் தொலை என்று வழி விடுவார். கிரீம் சரிந்தால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

கேக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் மனுஷனுக்குச் சனி பிடிக்கும். எவனாவது முந்திவிட்டால், சொத்தையே பிடுங்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி துரத்துவார். பக்கக் கண்ணாடி இரண்டு முறை பெயர்ந்துவிட்டது. கேட்டால், "வண்டி என் கையில இருக்கிறப்போ ஒண்ணும் ஆகாது. ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் பயம்" என்பார். கேக்கம்மா தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள், கெஞ்சினாள். காதில் போட்டுக்கொண்டால்தானே!

இன்று மகளின் பள்ளி வேன் பழுது. கல்யாண மண்டபத்தில் கேக்கை இறக்கிவிட்டு வரும் வழியில் அவர்தான் மகளை ஏற்றி வர வேண்டும். அப்போது வண்டியில் கேக் இருக்காது, மகள் இருப்பாள்.

கடைசியில் கேக்கம்மா பெரிய பெட்டி ஒன்றை எடுத்தாள். அடியில் சர்க்கரைப் பாக்கெட்டுகளை அடுக்கி, நகராமல் ஒட்டி, மூடி ரிப்பன் கட்டினாள்.

"இது நம்ம தெரு டாக்டரம்மாவுக்கு. மூணடுக்கு. ஃப்ரிட்ஜ்ல இடமே இல்ல, வண்டி ஏசியிலயே இருக்கட்டும். திரும்பி வந்ததும் குடுத்துக்கலாம். திறந்து கிறந்து பாத்துடாதீங்க, கிரீம் இளகிடும்."

"எனக்குத் தெரியாததா?" என்று கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டார்.

வர வேண்டிய நேரம் தாண்டியது. மெதுவாக வந்தால் தாமதமாகும் என்று தெரிந்து ஏற்பாடு செய்தவளே அவள்தான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்ததில் பிஸ்கட் ஒரு தட்டு கருகியே போனது.

ஒருவழியாக வண்டி வந்து நின்றது. மகள் குதித்து இறங்கினாள்.

"அம்மா! நின்ன பஸ்ஸுக்கு முன்னாடியிருந்து ஒரு சைக்கிள்காரர் திடீர்னு குறுக்க வந்துட்டார். அப்பா சட்டுனு நிறுத்திட்டார். நான் லேசா முன்னால சாஞ்சேன், அவ்வளவுதான். அவருக்கும் ஒண்ணும் ஆகல!"

கேக்கம்மா மகளை இழுத்து இறுக்கிக்கொண்டாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கணவருக்கோ கேக் கவலை. "அந்த பிரேக்குல சரிஞ்சிருக்குமோ" என்று புலம்பிக்கொண்டே பின்கதவைத் திறந்து ரிப்பனை அவிழ்த்தார். உள்ளே வெறும் சர்க்கரைப் பாக்கெட்டுகள்.

"என்ன இது? கேக் எங்க?"

"உங்க பக்கத்துல உக்காந்து வந்துச்சே. இதோ நிக்குது பாருங்க."

கோபமாகத் திரும்பியவர் மகளைப் பார்த்தார். வெறும் வண்டி என்றால் அந்த இடத்தில் என்ன வேகத்தில் வந்திருப்பார் என்பது கேக்கம்மாவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"வெறும் வண்டியா இருந்திருந்தா நான்..." என்று ஆரம்பித்தார். பாதியிலேயே விட்டுவிட்டு மகளின் தலையைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் மாவு பிசையச் சர்க்கரை போதவில்லை. கேக்கம்மா அந்தப் பெட்டியைப் பிரிக்கப் போனாள். அவர் வெடுக்கென்று பிடுங்கி, ரிப்பனை முன்பைவிட இறுக்கிக் கட்டி, வண்டியில் கொண்டுபோய் வைத்தார்.

"வேற சர்க்கரை வாங்கிக்கோ. இது இங்கயே இருக்கட்டும்."