அடியில்லாத இரண்டு பானை

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம், வடக்கனந்தல் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். வெள்ளிமலைக்குப் போகிற ஜீப் என் வீட்டுக்கு எதிரே நின்றுபோனது. அதிலிருந்து கோகிலவாணி என்கிற டீச்சர் ஒரு கூடையோடு இறங்கி வந்தாள்.

கூடையில் வாலில்லாத சீமை எலி இரண்டு. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காம்.

“ரோடு தொறக்கற வரைக்கும் வெச்சிருங்க ஐயா. ரெண்டும் ஆணு. கூடப்பொறந்ததுங்க.”

“செத்துப்பூட்டா என் தலையில கட்டுவியா?”

“கட்ட மாட்டேங்க.”

நம்பவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பெண்டாட்டி செத்துவிட்டாள். மகன் மாமியார் ஊரோடு போய்விட்டான். என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்து வெகு காலம் ஆகியிருந்தது.

சுற்றிலும் தட்டி வைத்து, ஒரு பானையைச் சாய்த்துப் போட்டேன். கறுப்பு உள்ளே நுழைந்தால் வெள்ளை பானை வாயை மறித்துக்கொண்டு பல்லை நறநறத்தது. வெளியேற வழியில்லை. கறுப்பின் காதைக் கடித்ததில் ரத்தம் வந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துக் கறுப்புக்குப் பூசிவிட்டேன். அதோடு கெட்டது காரியம். வெள்ளை அதை மோந்து பார்த்துவிட்டுக் கழுத்துக்கே பாய்ந்தது. துண்டைப் போட்டு அமுக்கித்தான் பிரித்தேன்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

“இன்னா பெரீப்பா, பந்தயம் வுடறியா? சேவலு கெடைக்கலியா?”

“ஒன் வேலையப் பாரு.”

“மஞ்சத்தண்ணி ஊத்தின ஆடாட்டம் ஆக்கி வெச்சிகினு கீற. அந்த நாத்தம் எனுக்கே கொமட்டுது. அது கூடப்பொறந்ததுன்னு இன்னொண்ணுக்கு எப்டித் தெரியும்?”

நடுவில் கோழி வலையைக் கட்டிவிட்டேன். இரண்டும் தீனி எடுக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தன. தனியாக இருந்தால் சோறு இறங்காது என்பது எனக்குப் புதுசு இல்லை.

காலையில் வெள்ளைக்கும் அதே எண்ணெயைத் தடவினேன். பழைய வைக்கோலை வாரிக் கொட்டிவிட்டுப் புதுசு போட்டேன். பானைக்கு அடியைத் தட்டி எடுத்தேன், ஒன்று மறித்தால் மற்றது பின்னால் ஓடட்டும் என்று. அதேபோல் இன்னொரு பானை. தண்ணீருக்கு ஆளுக்கொரு கொட்டாங்கச்சி, புல்லும் இரண்டு மூலையில். பிறகு வலையை அவிழ்த்தேன். சுற்றின, பல்லைக் கடித்தன, வெள்ளை கறுப்பின் மேலே ஏறிப் பார்த்தது. ரத்தம் வராதவரை கை வைப்பதில்லை என்று துண்டோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியபோது பார்த்தால், ஒரு பானை காலியாகக் கிடந்தது. இரண்டும் மற்றதில் இடித்துக்கொண்டு படுத்திருந்தன.

அதற்கப்புறம் நான் அறுகம்புல்லோடு படலைத் திறந்தாலே போதும், புல் சரசரக்கிற சத்தத்துக்கு இரண்டும் கீச்சுகீச்சென்று கத்தும். நான் வருகிறேன் என்று கத்துவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஒன்றையாவது கேட்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

ரோடு திறந்தது. டீச்சரும் வந்தாள். பானைக்குள் பார்த்துச் சிரித்தாள்.

“ஒண்ண நீங்களே வெச்சிக்கிறீங்களா ஐயா? பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு போதும்.”

நான் கேட்காமலே வந்தது. வெள்ளையைத் தூக்கி அவள் கூடையில் விட்டேன். கறுப்பு ஒரு பானைக்குள் ஓடிற்று, பின்னால் வெளியே வந்து அடுத்த பானைக்குள் ஓடிற்று. பிறகு தட்டியோரம் போய் ஒட்டிக்கொண்டது. புல்லைக் காட்டினேன். திரும்பவில்லை.

அதையும் தூக்கிக் கூடையில் விட்டேன்.

“பானைங்களயும் எடுத்துகினு போ. ஒண்ணுக்கு மருந்து பூசினா இன்னொண்ணுக்கும் பூசு. ரெண்டையும் பிரிச்சிராத.”

“வெள்ளிமலைக்கு வந்து பாருங்க ஐயா.”

“எல்லாரும் அப்டித்தான் சொல்றது.”

சாயங்காலம் பழக்கத்தில் புல் அறுத்துவிட்டேன். படலைத் திறந்தேன். புல்லுக்கட்டை ஒரு தடவை உதறிக்கூடப் பார்த்தேன். பிறகு வேலிக்கு மேலாக ஜெயம்மாள் ஆட்டுக்குப் போட்டேன்.

“இன்னா பெரீப்பா, திடீர்னு தருமம்?”

“மீதி,” என்றேன்.