இடக்கைக் கோடு

ராஜகிரி மலை உச்சியில் வெயில் படுவதற்குள் லாரி காலியாக வேண்டும். எண்ணெய் மில் முற்றத்தில் ஐந்து பேர் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை மூட்டைகளை முதுகில் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். சாக்குத் தூசு மூக்கில் ஏறி, தும்மினால் கறுப்பாக வந்தது. இவர்கள் சுமைகூலிகள் அல்லர். சர்க்கார் காகிதத்தில் ஃபிட்டர் வேலை பழகுகிறவர்கள். பாதிச் சம்பளம் சர்க்கார் தரும். மீதியையும் தொழிலையும் முதலாளி தருவார். நாட்டுக்குத் திறமான கைகள் கிடைக்கும் என்பது ஏற்பாடு. கேட்டதுமே முதலாளி ஜெயராமன் நாட்டை நினைத்துக் கண்கலங்கினார். பாதி விலையில் ஆறு சுமைக்காரர்கள் என்றால் யாருக்குத்தான் தேசபக்தி பொங்காது?

ஆறாவது ஆள் விநாயகம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

எஞ்சின் அறை வாசலில் ஃபிட்டர் விமலநாதன் நயினார் நின்றார். சமணர்; தண்ணீரை வடிகட்டிக் குடிப்பவர், எறும்புச் சாரை கண்டால் சுற்றிக்கொண்டு நடப்பவர். அவர் கைதான் விநாயகத்தின் மூன்று விரல்களைத் தின்றது.

போன தையில் பரீட்சை வந்தது. ஆளுக்கொரு இரும்புக் கட்டையை அரத்தால் ராவி, சதுரத் துளையில் வெளிச்சம் ஒழுகாமல் பொருத்த வேண்டும். அரத்தையே தொட்டறியாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆறையும் நயினாரே ராவிவிடட்டும், இல்லையென்றால் பையன்கள் சோற்றில் மண் என்றார் முதலாளி. புண்ணியம் என்று நினைத்து நயினார் ராவிக் கொடுத்தார். கட்டைகள் முதலாளியின் கண்ணாடி அலமாரியில் ஏறின. பாஸானவனாயிற்றே என்று, போன வாரம் பொழுது சாயுமுன் சாப்பிட நயினார் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், ஓடுகிற எஞ்சினுக்கு பெல்ட் மாட்டச் சொல்லி விநாயகத்தை அனுப்பினார் முதலாளி. பெல்ட்டுக்குச் சர்டிபிகேட் படிக்கத் தெரியாது.

விபத்தை விசாரிக்க இன்று பத்து மணி பஸ்ஸில் சர்க்கார் ஆபீசர் வருகிறார். முதலாளி நயினாரைத் தனியே அழைத்தார்.

"தெரிஞ்ச வேலையில அசட்டையா இருந்துட்டான்னு ஒரு வார்த்த சொல்லு. மேஸ்திரியாக்கிடறேன்."

"அவனுக்கு நஷ்டஈடு?"

"அசட்டைக்கு இன்னா நஷ்டஈடு? நெசத்தச் சொன்னாலும் மோசடி உன்னுதுதான் நயினாரே. என் கையிலயா அரம் இருந்துச்சி?"

நயினார் நேரே மூட்டைக்காரர்களிடம் போனார். உண்மையைச் சொல்லப்போவதாகவும், சொன்னால் அவர்களுடைய சர்டிபிகேட்டும் போய்விடும் என்றும் தலையைக் குனிந்தபடி சொன்னார். அவர்களில் ஒருவனான தாண்டவராயன் மூட்டையை இறக்கினான்.

"நீங்க ராவினீங்க. நாங்க ராவினதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நாங்கதான. மூட்ட தூக்க சர்டிபிகேட் எதுக்கு? நெசத்தச் சொல்லுங்க."

ஆபீசர் வந்தார். நயினார் அலமாரியைத் திறந்து ஆறு கட்டைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"அரம் கீறின கோடெல்லாம் ஒரே பக்கமா, இடப்பக்கம் சாஞ்சிருக்குது பாருங்க ஐயா. நான் நொட்டாங்கைக்காரன். இந்தப் பசங்க ஆறு பேரும் சோத்தாங்கை. ஒருத்தனுக்கும் நான் ஒண்ணும் கத்துக்குடுக்கல."

ஆபீசர் கட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மதராசுக்கு எழுதுவேன், முதல் அடி உமக்குத்தான் விழும் என்றார். விழட்டும் என்றார் நயினார்.

ஆபீசர் எழுதிக்கொண்டிருக்கும்போதே முதலாளி ஐவரையும் அடுத்த லாரிக்கு விரட்டினார். ஒருவனும் நகரவில்லை.

"பழகத்தானே சர்க்கார் அனுப்புச்சி? பழகிட்டு வரோம், மொதலாளி," என்றான் தாண்டவராயன்.

களத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்த கூலிக்காரி பவுனம்மாள் முறத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து எஞ்சின் அறை வாசலில் உட்கார்ந்தாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். போலீஸ் வரும் என்றார் முதலாளி. வரட்டும், தள்ளி உட்கார்ந்து இடம் விடுகிறோம் என்றாள் பவுனம்மாள்.

உள்ளே, புதிய கட்டையொன்றை வைஸ் இடுக்கியில் முடுக்கி, தாண்டவராயன் கையில் அரத்தைக் கொடுத்தார் நயினார். ஆறாவது ஆளுக்கு ஓர் இடம் விட்டு மற்றவர்கள் நின்றார்கள். அரம் வழுக்கியது, கீச்சிட்டது, பிறகு கடித்தது. நயினார் குனிந்து இரும்புத் தூளை ஊதினார்.

கோணல்தான். ஆனால் கோடு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.