இரும்புக்கடைக்கு மேலே ஒரு வீடு

அன்று கனடாவில், அஜக்ஸில் இருந்தவர்கள்: நான், இராஜரட்ணம். என் மனைவி ரதி. என் தம்பி சண்முகலிங்கத்தின் மூத்த மகன் ஜனார்த்தன். அது அவனுடைய வீடு. அவன் மனைவி நிரூபா. பிக்கரிங்கிலிருந்து வந்த இளைய மகன் ஜதுர்சன். தம்பியின் மகள் நிலாணி கார்டிஃபிலிருந்து தொலைபேசியில் இருந்தாள். அவளையும் இருந்தவளாகவே எடுத்துக்கொள்கிறேன். இவர்கள் முன்னால் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். யார் முன்னால் கொடுத்தது என்று சொல்லாமல் அந்த வாக்கு என்னவாயிற்று என்று சொல்வது முறையல்ல.

வாக்கு இதுதான்: சித்திரை வருடப் பிறப்புக்கு முன் தம்பியைக் கனடாவுக்குத் திரும்பக் கூட்டிவருவேன்.

தம்பி அப்போது பிரித்தானியாவில், வேல்ஸில், மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய சந்தை ஊரில், தனியாக இருந்தான். நிலாணி அங்கே டொக்டராக வேலை செய்தபோது, ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவன். பிறகு அவளுக்குத் தூரத்துக் கார்டிஃப் நகர ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. "நீ போ பிள்ளை, நான் இங்க இருக்கிறன்" என்றானாம். கனடாவுக்கு வருமுன் பதினெட்டு வருடம் லண்டனில் இருந்தவன். அந்த நாட்டுப் பாஸ்போட் கையில் இருந்தது. அவனை அங்கிருந்து போ என்று சொல்ல ஒருவராலும் முடியாது.

எங்கள் குடும்பத்தில் வயதுபோனவர்களைத் தனியே விட்டதில்லை. முதியோர் இல்லத்தில் சேர்த்ததும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் தம்பியின் மனைவி இறந்தபோது, ஒரு மாதம் முடியுமுன்பே பிள்ளைகள் கூடி ஒழுங்கு செய்தார்கள். நாலு மாதம் அஜக்ஸ், நாலு மாதம் பிக்கரிங், நாலு மாதம் அஜின்கோர்ட்டில் என் வீடு. நிரூபா அதை மூன்று நிறத்தில் அட்டவணையாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். வருகிறவர்களுக்கு நான் அதைக் காட்டியிருக்கிறேன். இப்படி ஓர் அட்டவணை வேறு யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டுமிருக்கிறேன்.

அப்படி இருக்க, ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் தட்டுடன் நின்ற ஒருவர் எல்லோருக்கும் கேட்க, "அண்ணை, தம்பியை எங்க விட்டுட்டியள்? ஹோமிலயோ?" என்றார். நான் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன். அடுத்த ஞாயிறுதான் அஜக்ஸில் கூடினோம்.

"பெரியப்பா, நீங்கள் சொன்னா அப்பா கேப்பார்," என்றான் ஜனார்த்தன். "நாங்கள் சொன்னாச் சிரிக்கிறார்."

"ஐ மீன், அவர் அங்க ஹாப்பியா இருக்கிறார் எண்டா..." என்று ஜதுர்சன் தொடங்கினான்.

"ஹாப்பி வேற, மரியாதை வேற," என்றேன். அவன் ஃபோனை எடுத்து, எனக்குப் போகவரவும் தம்பிக்கு வர மட்டுமாகவும் விமான ரிக்கற் போட்டான்.

மார்ச் நடுவில் போனேன். லண்டனிலிருந்து ஒரு ரயில், பேர்மிங்ஹாமில் இன்னொன்று, ஷ்ரூஸ்பெரியில் மாறி இரண்டே பெட்டிகள் கொண்ட மூன்றாவது ஒன்று. ஜன்னலுக்கு வெளியே ஆடுகள், மழை, மறுபடியும் ஆடுகள். தம்பி கம்பளித் தொப்பியுடன் மேடையில் நின்றான். எழுபத்தொரு வயதில் என் பெட்டியைப் பறித்துத் தோளில் வைத்தான்.

"விடடா, சில்லு இருக்கு, உருட்டலாம்."

"கல்லு றோட்டு அண்ணை. சந்திக்குப் போகமுன்னம் சில்லு கழண்டிடும்."

ஊர் என்றால் நாலு தெருவும் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும். தெருவில் வெள்ளை மையால் 'அராவ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. மெதுவாகப் போ என்று அவர்களுடைய மொழியில் சொல்வதாம். தங்கள் மொழியை மேலே எழுதி ஆங்கிலத்தைக் கீழே போட்டிருந்தார்கள். அது எனக்குப் பிடித்தது. அப்போது அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

அவன் இருந்தது எம்லின் என்பவருடைய இரும்புக்கடைக்கு மேலே. தெருவிலிருந்து ஒரு ஒடுங்கிய கதவு, நேரே மாடிப்படி, மேலே இரண்டு அறைகள். ஒரு மூலையில் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் சந்தைக் கட்டடம். சுவரில் பிள்ளையார் படமும் அவன் மனைவியின் படமும். எனக்குக் கட்டிலைத் தந்துவிட்டுச் சோபாவில் படுத்தான். வந்த அன்றே விஷயத்தைத் தொடங்குவது அவசரக்காரர் வேலை. மூன்று நாலு நாள் பொறுத்துப் பேசலாம் என்று நான் ஊரைச் சுற்றிப் பார்த்தேன்.

சுற்றி முடிக்க நாற்பது நிமிடம் போதும். மூன்று வளைவுள்ள கல்பாலம். கீழே தேத்தண்ணி நிறத்தில் ஆறு. தளபாடக் கடையாகிவிட்ட ஒரு தேவாலயம். திங்கட்கிழமை ஆட்டுச் சந்தை. நான் சைவம், வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்ததோடு சரி. ஏலம் கூறுகிறவர் மூச்சு விடுகிறாரா என்பதைத்தான் அரைமணி நேரம் கவனித்தேன். தெருவில் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரும் 'போரெ தா' என்று காலை வணக்கம் சொன்னார்கள். முதல் நாள் தலையை மட்டும் அசைத்தேன். மூன்றாம் நாள் நானே முந்திச் சொல்லிவிட்டேன். கேட்ட பெண் மிகவும் சந்தோஷப்பட்டுத் தன் நாய்க்கும் என்னைச் சொல்ல வைத்தாள்.

புதன்கிழமை காலையில் கீழே பெரிய சத்தம். எம்லின் தெருவில் நின்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஷான்! எத்தனை தரம் சொல்வது? சாப்பாட்டுக் கழிவு வைப்பது செவ்வாய்க்கிழமை! காகம் தெருவெல்லாம் இழுத்துப் போட்டிருக்கிறது! உன் பூச்சாடி என் கடை வாசலை மறைக்கிறது!"

"உன் கடைக்கு யார் வருகிறார்கள், மறைப்பதற்கு?" என்று தம்பியும் ஆங்கிலத்தில் கத்தினான்.

நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு எழுபத்தொன்பது வயது, ஆனால் குரல் அப்படியே இருக்கிறது. "ஐயா, இவர் பெயர் ஷான் இல்லை, சண்முகலிங்கம். எங்கள் குடும்பத்தில் ஒருவரையும் யாரும் தெருவில் நின்று ஏசியதில்லை," என்றேன்.

எம்லின் தொப்பியைக் கழற்றினார். பெயரை மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டு முறை தடுக்கி, மூன்றாம் முறை எழுத்துப் பிசகாமல் சொன்னார். கனடாவில் பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகளே அவ்வளவு திருத்தமாகச் சொல்வதில்லை. "எங்கள் ஊர்களின் பெயரைப் பார்த்தீர்களா? இது சின்னப் பெயர்," என்றார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, "சண்முகலிங்கம், செவ்வாய்க்கிழமை!" என்று கத்திவிட்டு உள்ளே போனார்.

மேலே வந்து குடையைச் சுவரில் சாத்தினேன். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"உன்னை ஒருத்தன் நடுத்தெருவில ஏசுறான். நீ பல்லைக் காட்டுறாய்."

"ஏசட்டும் அண்ணை. நானும் திருப்பிக் குடுத்தனான்தானே." அவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "அங்க நாலு வருஷமா ஒருத்தரும் என்னோட சண்டை பிடிக்கேல்லை. நிரூபான்ர கண்ணாடிப் பாத்திரத்தை உடைச்சனான், தெரியுமோ? அவளின்ர அம்மா ஊரில இருந்து கொண்டுவந்து குடுத்தது. 'பரவாயில்லை மாமா' எண்டவள். துண்டெல்லாத்தையும் தானே பொறுக்கினவள், என்னைத் தொடவும் விடேல்லை. அண்டைக்கு அவள் என்னை ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா, நான் அந்த வீட்டிலயே இருந்திருப்பன்."

மரியாதை கொடுத்ததற்கு இப்படி ஒரு குறையா என்று எனக்குக் கோபம் வந்தது.

வியாழக்கிழமை காலை நான் விஷயத்தைத் தொடங்கினேன். "வெளிக்கிடு. உனக்கும் ரிக்கற் போட்டிருக்கு. திங்கள் போறம்."

"முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றான். ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்தான். இஞ்சி தட்டிப் போட்டிருந்தான். எனக்குச் சீனி அரைக்கரண்டி என்பது அவனுக்கு நினைவிருந்தது.

"அங்க உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை."

"விழுந்து கிழுந்தாய் எண்டா?"

"கீழ எம்லினுக்குச் சத்தம் கேக்கும். ஏசிக்கொண்டே ஓடி வருவார். அஜக்ஸில எல்லாரும் காலமை ஏழு மணிக்கு வேலைக்குப் போயிடுவினம். அங்க விழுந்தா ஆறு மணிக்குத்தான் தெரியும்."

"கதையை மாத்தாத. ஏன் வரமாட்டாய்?"

அவன் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாலு வருஷத்தில நான் ஒருத்தருக்கும் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுக்கேல்லை அண்ணை. வீட்டுக்கு ஆரும் வந்தா, அவையோட சேந்து நானும் வந்தவன் மாதிரி இருப்பன். மூண்டு வீட்டிலயும் அப்பிடித்தான்."

மூன்று வீடு என்றால் அதில் ஒன்று என்னுடையது.

அவன் என் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றது எனக்கு நினைவுக்கு வந்தது. உள்ளே வரமாட்டான். "அண்ணி, கொஞ்சம் தண்ணி சுட வைக்கட்டோ?" என்று கேட்பான். ரதி ஓடிப்போய், "நீங்கள் போய் இருங்கோ தம்பி, நான் கொண்டாறன்" என்பாள். அவன் போய் இருப்பான். நான் அதைப் பார்த்து, என் மனைவி என் தம்பியை எப்படி வைத்திருக்கிறாள் என்று பெருமைப்பட்டிருக்கிறேன். நாலு வருடத்தில் ஒரு தடவையாவது அவன் தன் பாட்டில் அடுப்பை மூட்டியதை நான் பார்க்கவில்லை.

கோப்பையை முடித்தேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. தம்பி தனக்கென்று வைத்திருக்கும் வீட்டுக்கு நான் முதன்முதல் வந்திருக்கிறேன். தம்பி வீட்டுக்கு முதன்முதல் போகிற தமையன் வெறுங்கையோடு போவதில்லை. ரதி தந்துவிட்ட மிளகாய்த்தூள் பையை விட்டால், நான் கொண்டுவந்தது ஒரு ரிக்கற் மட்டும். அதுவும் அவனை அந்த வீட்டிலிருந்து கிளப்புவதற்கு.

"நான் ஒருக்கா வெளியில போட்டு வாறன்," என்றேன்.

"மழை அண்ணை."

"குடை இருக்கு."

வியாழன் அங்கே சந்தை நாள். பாலாடைக்கட்டி, மீன் வான், தடித்த வெங்காயத்தாள் போல, சேற்றோடு லீக்ஸ் கட்டுக்கள், பழைய புத்தகங்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. பழக்காரரிடம் நல்ல வாழைப்பழமாக ஒரு சீப்புக் கேட்டேன். மேலே இருந்ததைத் தந்தார். வேண்டாம் என்று சொல்லி, பெட்டிக்குள் கைவிட்டு, அடிபடாத ஒரு சீப்பை நானே எடுத்தேன். பக்கத்தில் மஞ்சள் பூக்கள் வைத்திருந்த பெண்ணிடம் ஒரு கட்டும் வாங்கினேன்.

திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது. ஆனாலும் தெருக்கதவில் நின்று மணியை அடித்தேன். தம்பி படி இறங்கி வரும் சத்தம் கேட்டது.

"என்ன அண்ணை, திறப்பை விட்டுட்டுப் போனீங்களோ..." என்று கதவைத் திறந்தவன் நிறுத்திவிட்டான். சீப்பைப் பார்த்தான். பூவைப் பார்த்தான். ஐந்து நாளாக அந்த வீட்டில் படுத்தெழும்பிய என்னை, அப்போதுதான் வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"வாங்கோ," என்றான். "வாங்கோ அண்ணை. உள்ளுக்கு வாங்கோ."

நான் வலது காலை வைத்து உள்ளே போனேன். பழத்தையும் பூவையும் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவன் அவற்றைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்தான். பிறகு மறுபக்கம் திரும்பி நின்று, முன்பே வாங்கி வைத்திருந்த லீக்ஸை அரியத் தொடங்கினான். தேங்காய்ப்பால் விட்டு ஒரு கறி வைத்தான். உப்புக் கூடிவிட்டது. நான் முதலில் சொல்லவில்லை; பிறகு, சொல்வதுதான் சரி என்று நினைத்துச் சொன்னேன். "ஓம், கூடித்தான் போச்சு," என்று சிரித்தான்.

அன்றிரவு, அங்கே எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு, அஜக்ஸுக்கு ஃபோன் எடுத்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஜனார்த்தன், உன்ர அப்பா வரேல்லை."

"பெரியப்பா! நீங்கள் எங்களுக்கு வாக்குக் குடுத்தனீங்கள்."

"குடுத்தனான். மீறினது நான். உன்ர அப்பா இல்லை. கேக்கிறவைக்கு அப்பிடியே சொல்லு."

என் வாழ்க்கையில் கொடுத்து மீறிய வாக்கு அது ஒன்றுதான். பிறகு நிரூபாவின் குரல் மெல்லக் கேட்டது. "பெரிய மாமா, மாமாவுக்கு என்னில ஏதும் கோவமோ?"

தம்பி ஃபோனை வாங்கினான். "ஓம், கோவம்தான். அந்தப் பாத்திரம் உடைச்சதுக்கு நீ இன்னும் என்னை ஏசேல்லை."

"அது பரவாயில்லை மாமா..."

"பரவாயில்லை எண்டு சொல்லாத பிள்ளை. ஏசு."

நான் அவனுக்குச் சைகை காட்டினேன், விடு என்று. அவன் விடவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"அது அம்மாவின்ர பாத்திரம்!" என்று திடீரென்று நிரூபா கத்தினாள். "அதை ஆராவது மைக்ரோவேவில வைப்பினமோ? எத்தனை தரம் சொன்னனான் உங்களுக்கு! அம்மா சேலைக்குள்ள சுத்திக் கொண்டுவந்தவ! நீங்கள் ஒண்டையும் காதில விழுத்திறேல்லை!" கத்திக்கொண்டே அழுதாள். பின்னால் ஜனார்த்தன் "நிரூ, நிரூ" என்றான்.

தம்பி கதிரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். "பிழைதான் பிள்ளை," என்றான். "என்ர பிழைதான். கோடைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு இங்க வா. இடம் இருக்கு."

மிச்ச நாட்களை நான் ஆறுதலாக இருந்தேன். வெள்ளிக்கிழமை எம்லினுடன் ஒரு பூட்டைப் பற்றி வாக்குவாதப்பட்டேன்; அவர் சொன்னது பிழை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டது. மலையின் பாதிவரை நடந்தோம். திங்கள் காலை தம்பி மறுபடியும் என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஸ்ரேஷனுக்கு வந்தான். அங்கே மேடையில் நின்று கை காட்டினால்தான் ரயில் நிற்கும். அவன் கையை உயர்த்தினான், நின்றது. நான் ஏறினேன்.

இப்போது அஜின்கோர்ட்டில், இராஜரட்ணம் தம்பியோடு கோபித்து அவனை அந்தக் குளிருக்குள் கைவிட்டுவிட்டு வந்துவிட்டார் என்று ஒரு கதை உலாவுகிறது. மரக்கறிக் கடையில் ரதியிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அது பிழை. நான் தம்பி வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தேன்.