தடுமாறாத சொல்

நீர் மறந்து நெடுநாளான பாலாற்றின் வெண்மணற் பரப்பைப் பொன்னாக்கிவிட்டு, ஏலகிரியின் தோளுக்குப் பின்னே கதிரவன் மெல்லச் சாயும் வேளை. கரையோரத் தென்னைகளின் நிழல்கள் மணல்மீது நீண்டு, ஒன்றையொன்று தொட்டு, இருளோடு இருளாய்க் கலக்கத் தொடங்கியிருந்தன. ஆம்பூரின் புறத்தே, நெடுஞ்சாலைக்கும் இருப்புப் பாதைக்கும் இடையே நிரைநிரையாய் நின்ற தோல் பதனிடும் ஆலைகளின் கூரைகளினின்றும் நீராவி வெண்துகிலென எழுந்து அலைந்தது. மூங்கிற் சட்டங்களில் விரித்துக் கட்டப்பெற்ற தோல்கள் காற்றில் விம்மித் தணிந்து, உயிர் நீத்த பின்னும் மூச்சு மறவாதன போல் அசைந்தன. சுண்ணமும் ஆவாரம்பட்டையும் ஊனும் கலந்த கடுநெடி ஊரைப் போர்வைபோல் மூடிக் கிடந்தது. தமிழ்ச்சுவை நுகரும் நண்பரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதை ஒட்டிய ஆண்டுகளில், அவ்வாலைகளுள் ஒன்றிலே, துயரச் செய்தியைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் திறத்தை அளந்து பார்ப்பதையே தம் பணியாகக் கொண்ட ஒருவர் இருந்தார். அவர்க்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர் பெயர் லோகநாதன். அரக்கோணத்துப் புகைவண்டித் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, சென்னைக் கல்லூரியில் சமூகப்பணி பயின்று, அவ்வாலையின் தொழிலாளர் நல அலுவலராய் வந்து அமர்ந்தவர். மெலிந்த உடலும், தாழ்ந்த குரலும், எவர் சினந்து பேசினும் இமை அசையாது கேட்கும் பொறுமையும் உடையவர். அவர் பணியேற்ற ஆண்டிலேயே ஆலையில் ஒரு கொடுமை நிகழ்ந்தது. சுமையேற்றும் தொழிலாளி ஒருவன் வண்டிச் சக்கரத்தில் சிக்கி மாண்டுபோக, அவனுக்கு உணவு கொண்டுவந்து வாயிலில் நின்ற அவன் மனைவியை நோக்கி, மேற்பார்வையாளன் ஒருவன் மதிலின் உட்புறத்திருந்தே, "ஏம்மா, உன் ஊட்டுக்காரன் பூட்டான், வந்து பாரு!" என்று கூவினான். சூலுற்றிருந்த அப்பெண் நின்ற நிலையிலேயே சாய்ந்தாள். கருவும் கலைந்தது; அவள் அறிவும் அன்றோடு கலங்கிற்று.

ஆலை உரிமையாளர் முனீர் அகமது அச்செய்தி கேட்டு மூன்று நாள் உணவு கொள்ளாதவர். லோகநாதனை அழைத்து, "கை வேல எல்லாருக்கும் வருது. வாய் தான் வரல. இனிமே பேசத் தெரிஞ்சவனா பாத்து மேஸ்திரி ஆக்குங்க," என்றார்.

அவ்வொரு சொல்லினின்று முளைத்ததே அத்தேர்வு. மேற்பார்வையாளர் பதவியை விழைவோர் ஒவ்வொருவரும், தோற்கிடங்கை அடுத்த சிற்றறையினுள் சென்று, ஆங்கே அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம், அவள் கணவன் இறந்தான் என்னும் செய்தியைச் சொல்லவேண்டும். லோகநாதன் மூலையில் அமர்ந்து, சொல்வோன் நிற்கும் நிலையும், குரலின் ஏற்ற இறக்கமும், கண் எங்கே செல்கிறது என்பதும் கண்டு மதிப்பிடுவார். அக்கைம்பெண்ணாய் நடிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தவள், தோலுக்கு மெருகேற்றும் பகுதியில் பணிபுரிந்த பூங்காவனம். முதலாளி நடையும் வாயிற்காவலன் இருமலும் அவள் செய்துகாட்டக் கண்டு உடன் உழைக்கும் பெண்கள் வயிறு நோகச் சிரிப்பர்; அத்தகைய குறும்புக்காரி.

அவள் கணவன் கோவிந்தராஜும் அவ்வாலையிலேயே சுண்ணாம்புக் குழியில் உழைப்பவன். மனைவியின் புதுப்பணி கேட்டு, அலுவலர் முன்னிலையிலேயே அவன் நகைத்தான்.

"இன்னாடி, இன்னும் எத்தினி வாட்டி என்ன சாவடிப்ப?"

"உன்ன யாருய்யா சாவடிச்சது? அது வேற எவனோ. உனக்கெல்லாம் நான் அழுவனா?" என்று அவள் கழுத்தை நொடித்துக்கொண்டு சென்றாள்.

ஆனால், நண்பரே, அறையினுள் அவள் அழுத அழுகையோ கல்லையும் கசிவிக்க வல்லது. செய்தி செவியிற் பட்டதும் சிறிது நேரம் பொருள் விளங்காதவள்போல் வெறித்து நோக்குவாள். பின்னர்க் கூந்தல் தானே அவிழ, அடிவயிற்றினின்று ஓர் ஓலம் எழும். அவ்வோலத்தின் நடுவே திடுமென நிறுத்தி, "மதியானத்துக்கு சாப்ட்டாரா?" என்று கேட்பாள். அக்கேள்வி லோகநாதன் கற்பித்ததன்று. அவள் நெஞ்சே ஈன்றது. அதன்முன் தடுமாறாதார் அரியர். ஒருவன் "தெரியலையே" என்று தலை சொறிந்தான். மற்றொருவன் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினான். சீனிவாசன் என்னும் இளைஞன் ஒருவனே அவள் அருகில் அமர்ந்து, பொய் கலவாது விடை சொல்லித் தேறினான். தவறியவர்க்கெல்லாம் லோகநாதன் தாமே எழுந்து சொல்லிக் காட்டுவார். முதலில் அமரச் செய்தல், குரலைத் தாழ்த்தல், அடிபட்டது, மருத்துவமனையில் உள்ளான் என்று சுற்றி வளைக்காது ஒரே வாக்கியத்தில் உண்மையை உரைத்தல், அதன்பின் அவள் வாய் திறக்கும்வரை வாளாவிருத்தல். அவர் சொல்வார், அவள் அழுவாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துச் சிரித்து, "போதுமா சார்?" என்று கேட்டுக் கூந்தலை முடிந்துகொள்வாள். இவ்வாறு இரண்டாண்டுகள் கழிந்தன.

எண்பத்தொன்றாம் ஆண்டு, ஆனித் திங்களின் ஒரு பிற்பகல். கழிவுநீர்த் தொட்டியின் அடைப்பை நீக்குமாறு பணிக்கப்பெற்ற கோவிந்தராஜ், இடையிற் கயிறு கட்டாமலே ஏணிவழி இறங்கினான். அடியிற் கிடந்த சேற்றைக் கோலால் கிளறியதும், அதனுள் அடங்கிக் கிடந்த நச்சுக்காற்று கண்ணுக்குத் தெரியாத பாம்புபோல் எழுந்து அவன் மூச்சைப் பற்றிற்று. மேலே நின்றவர் கூவி, கொக்கியிட்டு இழுத்து, மண்மீது கிடத்தியபோது அவன் உடலில் உயிர் இல்லை. பூங்காவனம் அன்று காய்ச்சலால் பணிக்கு வாராது இல்லத்தில் இருந்தாள்.

"சார், நான் போய் சொல்லிட்டு வர்றேன்," என்று முன்வந்தான் சீனிவாசன்.

"வேணாம். அவங்க கிட்ட நான் தான் போவணும்," என்றார் லோகநாதன்.

புறப்படுமுன் அவர் செய்த ஒரு செயல் பின்னாளில் அவரையே நடுங்கச் செய்தது. கோவிந்தராஜின் தோழர்களை அழைத்து, அவன் நண்பகலில் உணவு உண்டானா என்று உசாவினார். வேப்பமரத்தடியில் அமர்ந்து வயிறார உண்டான் என்றனர். கேட்கப்போகும் கேள்விக்கு விடையைக் கையில் ஏந்தியவராய், மிதிவண்டி ஏறி ஆற்றங்கரைத் தெருவுக்குச் சென்றார்.

வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பூங்காவனம் நிலைப்படியருகே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் காய்ச்சலால் வாடிய முகம் மலர எழுந்தாள்.

"இன்னா சார், ஊடு தேடி வந்துட்டீங்க?"

"உட்காரும்மா," என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

அவள் விழிகளில் ஒரு மின்னல் தோன்றி மறைந்ததை அவர் கண்டார். ஆயினும் அதன் பொருளை அக்கணம் உணர்ந்தாரல்லர். அவள் முறத்தை ஒதுக்கி வைத்து, முன்றானையைச் சரிசெய்து, அமைதியாய் அமர்ந்தாள். அவர் எதிரே குந்தி அமர்ந்து, அவள் கண்களை நேரே நோக்கி, ஒரு சொல்லும் குழறாது, ஒரு மூச்சும் தவறாது உரைத்தார்.

"பூங்காவனம், மனச திடப்படுத்திக்கம்மா. தொட்டில எறங்குன கோவிந்தராஜ் எறந்துட்டாரு."

அவள் வெறித்து நோக்கினாள். கூந்தல் அவிழ்ந்தது. அடிவயிற்றினின்று அவ்வோலம் எழுந்தது. அதன் நடுவே நின்று, "மதியானத்துக்கு சாப்ட்டாரா?" என்றாள்.

"சாப்ட்டாரும்மா. வேப்பமரத்தடில ஒக்காந்து நல்லாவே சாப்ட்டாரு."

அவள் தலைகவிழ்ந்து விம்மினாள். பின்னர்ப் புறங்கையால் கண்ணைத் துடைத்து, நிமிர்ந்து, அவரை நோக்கி முறுவலித்தாள்.

"போதுமா சார்? ஜொரத்துல கொரல் ஏறல. அவரு பேரையே சொல்லிட்டீங்க, ஒரு நிமிசம் திக்குனு ஆயிடுச்சு. ஆமா, இன்னிக்கு யாருக்குப் பரீட்ச? ஆளையே காணோம்?"

ஐயோ, எத்தனை பேர்க்குச் சொல்லும் முறை கற்பித்தவர் அவர்! நம்பாதவளை நம்பச் செய்யும் முறையை எவர்க்கும் கற்பித்தாரல்லர், தாமும் கற்றாரல்லர். அவள் கூந்தலை முடிந்துகொண்டே அவர் முகத்தை நோக்க, நோக்க, முடிந்த கை பாதியிலே நின்றது. அப்பொழுது தெருமுனையில் அண்டைவீட்டு ஜெயம்மாள் மார்பில் அறைந்துகொண்டு, "அடியே பூங்காவனம், மோசம் பூட்டோமேடி!" என்று ஓடிவந்தாள்.

பூங்காவனம் அழவில்லை. உடல் வந்தபோதும், நீராட்டியபோதும், ஆற்றங்கரைக்கு எடுத்துச் சென்றபோதும் அவள் கண் நனையவில்லை. "கட்னவன் பொணமா கெடக்குறான், ஒரு பொட்டு தண்ணி வருதா பாரு," என்று தெருப் பெண்கள் அவள் காது கேட்கவே பேசினர். அவளோ முழங்காலைக் கட்டிக்கொண்டு, எவரோ இன்னும் வந்து சொல்லவேண்டிய ஒன்றை எதிர்பார்த்திருப்பாள்போல் வாயிலையே நோக்கியிருந்தாள். பதினாறாம் நாள் கழிந்ததும் குடியாத்தத்திலிருந்த தமையன் இல்லத்துக்குச் சென்றுவிட்டாள்.

லோகநாதன் அச்சிற்றறையைப் பூட்டினார். ஆயினும் அந்திப் பொழுதுகளில் அதனுள்ளிருந்து பெண் ஒருத்தியின் ஓலம் கேட்கிறதென்று காவலன் சொல்லத் தொடங்கினான். கோவிந்தராஜின் ஆவி மனைவி குரலில் அழுகிறது என்றனர் சிலர்; மந்திரித்த தகட்டைக் கதவில் அடித்தனர் சிலர். லோகநாதனுக்கும் அக்குரல் கேட்டது. ஆலையில் மட்டுமன்று, அவர் உண்ணும்போதும், புகைவண்டிக்குக் காத்து நிற்கும்போதும் கேட்டது. ஓலத்தின் பின்னே வரும் அம்முறுவலும், "போதுமா சார்?" என்னும் அச்சொல்லும் அவரைத் தொடர்ந்தன. மனைவி சோறிட்டு, போதுமா என்று வினவினால், காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிடுவார். முனீர் அகமது மீண்டும் தேர்வு நடத்துமாறு கூறியபோது, "என்னால முடியாதுங்க," என்று மட்டும் சொன்னார். அவர் முகம் கண்ட முதலாளி அதன்பின் வற்புறுத்தவில்லை.

மூன்றாண்டுகள் இவ்வாறு உழன்று, ஒரு முற்பகலில் அவர் குடியாத்தம் சென்றார். தறிகளின் ஒலி தெருவெங்கும் மழைபோல் இரைந்துகொண்டிருந்தது. பூங்காவனம் தமையன் வீட்டு நடையில் இராட்டினம் சுற்றி, கைலிக்கு நூல் இழைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டு எழுந்தாள், முறுவலிக்கவில்லை.

"வாங்க சார். ஒக்காருங்க."

வழியெல்லாம் அவர் ஒழுங்குபடுத்தி வந்த சொற்கள் நாவில் நின்றன. அவள் அவற்றுக்குக் காத்திராது, இராட்டினத்தைச் சுற்றியவாறே, தாழ்ந்த குரலில் தானே சொன்னாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். நீங்க நல்லாத்தான் சொன்னீங்க. ஒரு வார்த்த கூட தடுமாறல. அதான் நான் நம்பல. நீங்க கொஞ்சம் ஒளறி இருந்தா, அங்கயே உழுந்து அழுதிருப்பேன். அப்பறம் அழலாம்னு பாத்தா, எனக்கே அது நடிப்பு மாதிரி இருந்துச்சு. எவன் எவனுக்கோ அழுது தீத்துட்டேன். அந்த மனுசனுக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல சார்."

லோகநாதன் விடை சொல்ல வாயெடுத்தார். "நான் வந்து... பூங்காவனம்... அன்னிக்கு..." என்று தொடங்கி, சொல் சிதறி, நா புரண்டு, மேலே செல்லமாட்டாமல், எதிரே எவர் இருக்கிறார் என்பதும் மறந்து, முகத்தைக் கையாற் பொத்திக்கொண்டு அழுதார். அழகில்லாத, ஒழுங்கில்லாத அழுகை அது. மூக்கு ஒழுகிற்று, தோள்கள் குலுங்கின. பூங்காவனம் நெடுநேரம் அவரைப் பார்த்திருந்தாள். சுற்றிய கை மெல்ல நின்றது. நூல் அறுந்து மடியில் விழுந்ததையும் அவள் அறியவில்லை. சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓலமில்லை, கூந்தல் அவிழவில்லை, முதுகு மட்டும் சிறிது சிறிதாய் நடுங்கலாயிற்று. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த தமையன் மனைவி, ஒன்றும் கேளாது திரும்பிச் சென்றாள்.

ஒருவரையொருவர் தேற்றாமலே அவர்கள் நெடுநேரம் அங்ஙனம் இருந்தனர். பின்னர் அவர் விடைபெறாமலே எழுந்து, தறியொலி நிறைந்த அத்தெருவின் வழியே நடந்து சென்றார். அவ்வோலம் அதன்பின் அவர்க்குக் கேட்கவில்லை என்று சொல்ல எனக்கும் விருப்பமே. ஆனால் அது உண்மையன்று. கேட்டது, முதுமையிலும் கேட்டது. ஒன்றே வேறுபட்டது. அது கேட்கும்போதெல்லாம் அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பிறர் துயரின் வாயிலில் நிற்க நேர்ந்தவர், அங்குத் தம் சொல்லைச் செம்மை செய்வதினும் தம் நெஞ்சு நடுங்குவதை மறையாதிருத்தல் நன்று என்பதை, அறிய வேண்டிய நாளுக்குப் பின்னரே அறிந்த ஒருவராய், அக்குரல் ஓயும்வரை தலைகுனிந்து அமர்ந்திருப்பார்.